வடக்குச் சுவரில் ஒரு முடிச்சு

அறைக்குள் நுழைந்ததும் போடில் செய்த முதல் காரியம் ஜன்னலை இழுத்துச் சாத்தியதுதான். கொக்கியையும் மாட்டினாள். தோளில் பை தொங்கியபடி இருந்தது. பூட்ஸில் ஒட்டிய பனி இன்னும் கரையவில்லை. கட்டிலில் அப்பா கிடந்தார். அவர் பக்கம் அவள் திரும்பியதே அதற்கப்புறம்தான்.

"அத நான்தாங்க தொறந்து வச்சேன்," என்றாள் மாலின்.

இலையுதிர் காலத்திலிருந்து வீட்டுக்கு வந்து அப்பா ஹோல்கரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் அவள். சின்ன வயசு. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். பெற்ற மகள் அந்த நேரம் ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் ரயிலில் கழுத்து ஒருபக்கம் சாய உறங்கிக்கொண்டிருந்தாள்.

"போற உசுருக்கு வழி விடணும்ல, அதான்," என்றாள் மாலின்.

போடிலுக்குத் தெரியாதா என்ன? அம்மா இறந்த அன்று இதே ஜன்னலைத் திறந்துவிட்டவளே அவள்தான். இருந்தும் கை முந்திக்கொண்டது. இரண்டு மாதமாக ஜன்னல் ஜன்னல் என்று போனில் கத்திக் கத்தி அதுவே பழகிவிட்டது. ஐம்பத்து நாலு வயதுக்காரிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. திரும்பிப் போய்க் கொக்கியை எடுத்துவிட்டு அகலமாகத் திறந்தாள்.

"நேத்து சாயங்காலமே நான் கேட்டேன்," மாலின் படுக்கை விரிப்பைச் சரிசெய்தபடி சொன்னாள். அவள் குத்திக்காட்டவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். "இப்பிடி வேர்க்குதே, கொஞ்சம் தொறக்கட்டுமான்னு. வேண்டாம், என் பொண்ணுக்குத் தெரிஞ்சிரும்னு சொல்லிச் சிரிச்சார்."

போடில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கையாலயா... இப்பிடி ஆச்சு?"

"சேச்சே. அவர் இதயம் எப்பவோ களைச்சுப் போச்சு. டாக்டரும் அதத்தான் சொன்னார்."

அந்தப் பதிலில் அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

வெக்கை நிலவறையிலிருந்த பம்பிலிருந்து வந்தது. நிலத்தை நூற்றைம்பது மீட்டர் துளைத்து, அடிப்பாறையின் சூட்டை மேலே இழுத்து வீட்டைச் சூடாக்கும் பம்பு அது. பன்னிரண்டு வருஷமாக ஒரு தொல்லை கொடுத்ததில்லை. இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று வீட்டுக் கரண்டை அது ஒன்றே குடித்தது. போடில் ஸ்டாக்ஹோமில் இருந்தபடி, பம்போடு இணைத்த தன் போனிலேயே எல்லாவற்றையும் பார்ப்பாள். அறைச் சூடு சட்டென்று இறங்கினால், 'ஜன்னல் திறந்திருக்கிறதா?' என்று போன் கேட்கும். அந்த நிமிஷமே அப்பாவைக் கூப்பிடுவாள்.

"தாங்க முடியலம்மா, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு," என்பார் அவர்.

"நீங்கதான் எதையாவது திருகிக் கூட்டி வச்சிருப்பீங்க."

"நான் தொடவே இல்லம்மா."

"மறந்திருப்பீங்கப்பா. எம்பத்தாறு வயசாச்சு."

வெளியே இருபத்தேழு டிகிரி மைனஸ் என்று போன் காட்டியது. வடக்கே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். 'அங்க எவ்வளவு குளிருதுப்பா' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அக்டோபரில் வந்தபோது பம்பின் முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போனாள்: 'அப்பா, இதைத் தொடாதீங்க!' மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்த மனிதருக்கு அவருடைய மகள் எழுதிய அறிவிப்பு அது.

மாலின் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். பக்கத்து மேஜையில் அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்தவற்றை வரிசையாக அடுக்கியிருந்தாள். மூக்குக்கண்ணாடி, சீப்பு, சுண்டுவிரல் அளவில் ஒரு ஸ்க்ரூடிரைவர், வெள்ளையாக ஏதோ ஒரு பிளாஸ்டிக் துண்டு. கிழவனார் பையில் குப்பைக்குக் குறைச்சலில்லை என்று போடில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிணவண்டி இரண்டு மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டு மாலின் கிளம்பினாள்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கருவிப்பெட்டியோடு இங்வே நின்றார். பம்பு பழுது பார்ப்பவர். சின்ன வயதில் மில்லில் ஹோல்கரோடு வேலை பார்த்தவர். போன வாரம் அவரை வரச்சொன்னது போடில்தான். அப்பா எதைத் திருகி வைத்திருக்கிறார் என்று மூன்றாம் மனுஷன் வாயால் சொல்லவைத்து, அப்பாவின் வாயை அடைக்க வேண்டும் என்று.

"அண்ணே, வர வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேன். அப்பா இன்னிக்கு விடியக்காலம் போயிட்டார்."

இங்வே தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"என்னம்மா இது, வீடு கொதிக்குது. வந்தது வந்துட்டேன், பாத்துட்டே போறேன்."

நிலவறையில் அந்தத் தாளை அவர் நின்று படித்தார். தாளைக் கிழிக்காமல் ஒருபக்கமாக மடித்துவிட்டு, பொத்தான்களை அமுக்கினார்.

"யாரும் எதையும் தொடல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால நான் வச்ச செட்டிங் அப்பிடியே இருக்கு." அவர் கண்ணைச் சுருக்கினார். "வெளியில ஆறு டிகிரி மைனஸ். இது இருபத்தேழுன்னு நினைச்சுக்கிட்டு ஓடுது. பம்பு இழுத்த சூடு பத்தலைன்னு மின்சார ஹீட்டரும் சேந்து எரியுது. கரண்டத் தின்னாம என்ன செய்யும்? வடக்குச் சுவர்ல வெளிக்குளிர அளக்கிற சென்சாரப் பாக்கணும்."

வடக்குச் சுவர் என்றதுமே போடிலுக்கு ஏணி நினைவுக்கு வந்தது. ஜூன் மாதம் மூன்று நாள் விடுப்பில் வந்து அந்தச் சுவருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தவள் அவள். கம்பியை வெட்டிச் சென்சாரைக் கழற்றியவளும் மறுபடி மாட்டியவளும் அவளே. அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கம்பியச் சும்மா முறுக்காதம்மா, மேஜை டிராயர்ல சர்க்கரைக்கட்டி இருக்கு, அதப் போடு," என்றார். இரண்டு கம்பியைத் திருகி இணைக்கும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டுக்கு அங்கே அப்படித்தான் பேர். "டேப்பு போதும்பா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள் இவள்.

இங்வே ஏணியில் ஏறி, சென்சாரின் மூடியைக் கழற்றி, டேப்பைப் பிரித்தார். உள்ளே கம்பி பச்சை பூத்து இற்றிருந்தது.

"ஈரம் இறங்கிருச்சு. கம்பி அரிச்சா இது குளிர் ஜாஸ்தின்னு பொய் சொல்லும்." கீழே பார்த்தார். "யாரு இப்பிடி முடிச்சுப் போட்டது?"

"அப்பாவாத்தான் இருக்கும்," என்றாள் போடில்.

எப்படி வந்ததோ அந்த வார்த்தை. யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் மட்டும் உண்மை வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில், அப்பாவின் அறை ஜன்னல் திறந்திருந்தது.

இங்வேயின் முகம் வாடிவிட்டது. இறங்கி வந்தார். "புது இணைப்பு போட்டுடறேன். அதுக்கு முன்னால அவர ஒரு தடவ பாத்துக்கிறேன்."

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசினார்.

"என்ன ஹோல்கர், டேப்பச் சுத்தி விட்டுட்டியே. முறுக்கின கம்பியப் பாத்தா எங்க கையில ஓங்கித் தட்டுற ஆளு நீ. போ, வயசு யாரத்தான் விட்டுச்சு."

அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைப் போடிலால் தாங்க முடியவில்லை. வேறெங்காவது பார்க்கலாம் என்று மேஜைப் பக்கம் திரும்பினாள். சீப்புக்கு அருகே அந்த வெள்ளைத் துண்டு. காலையில் குப்பை என்று நினைத்தாளே, அது. சர்க்கரைக்கட்டி. கூடவே அதற்கான ஸ்க்ரூடிரைவர்.

அப்படியானால் கோளாறு எங்கே என்று அவர் கண்டுபிடித்துவிட்டிருக்கிறார். ஏணி ஏறத்தான் காலில் வலுவில்லை. 'நீ போட்ட முடிச்சும்மா' என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம். திட்டுக்கெல்லாம் சிரித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு அவள் வரட்டும் என்று பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அண்ணே," என்றாள். அந்த வெள்ளைத் துண்டைக் காட்டினாள். "அது அப்பா இல்ல. நான் போட்ட முடிச்சு. இதப் போடச் சொன்னார், நான் கேக்கல. நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தொப்பியை விரல்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஹோல்கர் பக்கம் குனிந்தார்.

"மன்னிச்சுக்கய்யா," என்றார் அவரிடம்.

போடில் மேஜையிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டாள். "இதையே போட்டுக்கலாமா?"

"தாராளமா."

"நானே ஏறுறேன்."

"ஏறு. நான் புடிச்சுக்கிறேன்."

கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் திருக முடிந்தது. விரல் நுனிகள் உடனே மரத்தன. இற்ற கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, புது முனையைச் சீவி உள்ளே செருகினாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. வெள்ளை விரிப்பும், அதன் அடியில் பாதங்களின் மேடும், அசையாத மெழுகுவர்த்திச் சுடரும். ஒரு திருகை இறுக்கினாள். மற்றதையும் இறுக்கினாள்.

"இறுக்கினதும் ஒருதடவ இழுத்துப் பாத்துரு," என்றார் கீழேயிருந்து இங்வே. ஜூன் மாதம் அதே இடத்தில் நின்று அதே வார்த்தையை அப்பா சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

இழுத்துப் பார்த்தாள். கம்பி கழன்று வரவில்லை.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அறைச் சூடு இறங்குகிறது, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்கும். பார்க்காமலே தெரியும்.

"நிக்குதா?" என்றார் இங்வே.

"நிக்குது."

போன் மறுபடியும் அதிர்ந்தது. அவள் கம்பியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.