சத்தத்துக்கு ஒரு எஞ்சின்

நான் குளோரின் விற்கிறவள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கிறவர்கள், மீதிப் பேர் கூரை கழுவிப் பிழைக்கிறவர்கள். ஃபுளோரிடாவின் இந்தக் கடலோரத்தில் வெயிலும் ஈரமும் சேர்ந்து எல்லாக் கூரையிலும் கறுப்பாகப் பாசி பிடித்துவிடும். கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக் கூரை கறுத்தால் தன் வீட்டு விலை இறங்கிவிடும் என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். அதனால் இங்கே அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது.

டெல்மர் அந்தத் தொழிலுக்கு வந்தது காகித ஆலையை மூடிய பிறகு. ஆலையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் ஒரு பதவி உயர்வு கூட வாங்காத மனுஷன். வேலை தெரியாமல் இல்லை, வாய் தெரியாது. அவன் பெண்டாட்டி நோர்லீனுக்கு வாய் இரண்டு பேருக்குப் போதும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கையில் வந்த ஓய்வுப் பணத்தை அப்படியே டெல்மரின் புது வண்டியில் போட்டாள். போட்டது ஆசையாகத்தான். ஆனால் போட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

வண்டி என்றால், கூரை கழுவுகிற சாமானெல்லாம் ஏற்றிக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற இழுவை வண்டி. கடையில் தயாராக விற்கிறதை வாங்கினால் வீட்டை விற்க வேண்டியதுதான். அதனால் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். பீச் பழத்தோட்டக்காரர் ஒருவர் மருந்தடிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியைப் பழசாக வாங்கினார்கள். பேட்டரியில் ஓடுகிற பம்பு மட்டும் புதுசு, அதில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது என்று நான்தான் சொன்னேன். ஹோஸ் குழாயைச் சுற்றுகிற உருளையின் விலையைக் கேட்டு நோர்லீன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முறை ரொம்ப எளிது. குளோரினும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து, செடிக்குத் தெளிக்கிற மாதிரி மெதுவாகக் கூரைமேல் அடித்தால் போதும். பாசி செத்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற பிரஷர் மெஷினைப் போட்டால் அழுக்கோடு சேர்ந்து கூரையில் வேய்ந்திருக்கிற ஷிங்கிள் அட்டைமேல் ஒட்டியிருக்கும் மணலும் பெயர்ந்து வந்துவிடும், கூரைக்கு ஆயுசு குறையும். இதெல்லாம் டெல்மருக்கு நன்றாகத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியாது, அங்கேதான் வம்பு வந்தது.

முதல் வாடிக்கையாளர் ஹார்லன் டட்டில். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் குடியிருக்கிற பெலிக்கன் குடியிருப்பில்தான் அவர் வீடும். டெல்மர் வேலையை முடித்துவிட்டு ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, எப்ப ஆரம்பிக்கப் போறே?"

"முடிஞ்சிருச்சு சார்."

"என்னது முடிஞ்சிருச்சு? நான் உள்ள உக்காந்து டிவி பாத்துட்டிருக்கேன், ஒரு சத்தமும் காணோம். மேல ஏறி ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தியா?"

பேசத் தெரிந்தவனாக இருந்தால் விளக்கியிருப்பான். டெல்மர் கூரையைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். டட்டில் மேலே அண்ணாந்துகூடப் பார்க்காமல் பாதிப் பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வீட்டிலும் இதே கதை, அதற்கடுத்த வீட்டிலும் இதேதான். பம்பு போடுகிற சத்தம் ஒரு குளிர்சாதனப் பெட்டி போடுகிற சத்தம்தான். சத்தமில்லாத வேலைக்குக் காசு கொடுக்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை.

நோர்லீன் மூன்று நாள் யோசித்தாள். பிறகு யார் வீட்டுக் கொட்டகையிலோ கிடந்த பழைய பிரஷர் மெஷின் எஞ்சின் ஒன்றை இழுத்து வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கினாள். அதிலிருந்து ஒரு ஹோஸ் தொட்டிக்குப் பின்னால் போய் மறையும். மறைகிற இடத்தில் அது எதிலும் மாட்டியிருக்காது. அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்துவிட்டால் தெருவே அதிரும்.

"இது ஏமாத்து வேல," என்றான் டெல்மர், என் கடையில் வைத்து.

"என்ன ஏமாத்து? கூரை சுத்தமாகுதா இல்லியா?" என்றாள் நோர்லீன். "நீதான் ஊமைக்கோட்டான், சரி. உன் வேலையும் ஊமையா இருந்தா நாம என்னத்தைச் சாப்பிடுறது? வெர்னா, நீயே சொல்லு."

வெர்னா நான்தான். எனக்குக் குளோரின் விற்றால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சின் ஓட ஓட வேலை வந்தது. ஜனங்கள் வாசலுக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாக நின்றார்கள். நோர்லீன் கூடவே போய் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவாள், வாடிக்கையாளரை ஹோஸ் பக்கம் போகவிடாமல் பேச்சுக் கொடுப்பாள். டெல்மர் மேலே தன் பாட்டுக்குத் தெளித்துக்கொண்டிருப்பான். டட்டில்கூட இன்னொரு தடவை கூப்பிட்டு வடபுறச் சுவரைக் கழுவச் சொல்லி, முழுப்பணமும் அதற்கு மேலே இனாமும் கொடுத்தார். "இப்பத்தான் தம்பி ஒரு மெஷின் வாங்கியிருக்கே," என்று தோளில் தட்டினாராம். அன்று டெல்மர் சாப்பிடவில்லை என்று நோர்லீன் என்னிடம் சொன்னாள். அவளுக்கு அது புரியவும் இல்லை.

அதே டட்டில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் டெல்மரின் பெயரைச் சொன்னார். குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுக் கூரையையும் கழுவுகிற ஒப்பந்தம், ஒரே ஆள் கையில். அது கிடைத்தால் நோர்லீனின் ஓய்வுப் பணம் ஒரே கோடையில் திரும்பிவிடும். சில்லறை வேலை போட்ட பணத்துக்குக் கட்டாததால், கிடைக்காவிட்டால் வண்டியை விற்பதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். சங்கத் தலைவி ஆர்டித் வான்ஸ், முதலில் தன் வீட்டுக் கூரையில் ஒரு பக்கத்தை மட்டும் கழுவிக் காட்டச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை. என் வீடு எதிர்வரிசையில் என்பதால் காப்பிக் கோப்பையோடு நானும் போய் நின்றேன்.

குளோரின் பட்டுக் கருகாமல் இருக்க டெல்மர் செடிகளுக்கெல்லாம் முதலில் தண்ணீர் விட்டான், ஏணியில் ஏறினான். நோர்லீன் கயிற்றை இழுத்தாள். அவன் பாதிக் கூரையைத் தெளித்து முடித்திருப்பான். ஆர்டித் வீட்டுக்குள் இருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க. முதல்ல அதை நிறுத்துங்க. பிரஷர் மெஷினா? என் கூரைமேலயா?"

"சின்ன பிரஷர்தான் மேடம்," என்றாள் நோர்லீன், கத்திக் கத்தி. "ரொம்பக் கம்மியா வச்சிருக்கோம்."

"கம்மியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிரஷர் பட்டா ஷிங்கிளுக்கு உத்தரவாதம் கெடையாதுன்னு கம்பெனிக்காரன் தெளிவா சொல்லியிருக்கான். இந்தக் குடியிருப்புல ஒரு கூரைமேலயும் பிரஷர் படக்கூடாது. எறங்கச் சொல்லுங்க அவரை."

டட்டில், தான் சிபாரிசு பண்ணிய ஆளுக்காக முன்னால் வந்தார். "ஆர்டித், நல்ல பவர் உள்ள மெஷின் அது. என் சுவர்ல நானே பாத்தேன்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆர்டித்தின் முகம் இன்னும் சிவந்தது.

டெல்மர் இறங்கி வந்தான். நேராகப் போய் எஞ்சினை நிறுத்தினான். திடீரென்று எல்லாருக்கும் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு அந்த ஹோஸின் நுனியை வெளியே இழுத்தான். காய்ந்து, தூசி படிந்து கிடந்தது.

"டெல்மர், வேணாம்," என்றாள் நோர்லீன் மெதுவாக.

"இது எதுலயும் மாட்டல மேடம்," என்றான் அவன். "சும்மா சத்தத்துக்கு வச்சிருக்கோம். கூரைக்குப் போறது அந்தச் சின்ன பம்புலேருந்துதான். அதுல பிரஷரே கெடையாது. கையில பிடிச்சுப் பாருங்க."

ஆர்டித் பிடித்துப் பார்க்கவில்லை. டட்டில்தான் கேட்டார், "அப்போ என் சுவர்?"

"உங்க சுவரும் இதே பம்புதான் சார். மொத தடவை உங்க கூரைக்கு வந்தப்பவும் இதே பம்பு, இதே மருந்து. அன்னிக்குச் சத்தம் இல்லன்னு பாதிக் காசு குடுத்தீங்க. அடுத்த தடவை சத்தத்துக்கு இனாம் குடுத்தீங்க. அந்த இனாம் வீட்டுலதான் இருக்கு, நான் தொடல. கொண்டாந்து தர்றேன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவன்மேல் மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. பிரஷர் இல்லை என்று சொன்னதோடு நிறுத்தி, இந்த இனாம் கதையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது. நோர்லீன் எஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், சுட்டிருக்கும், எடுக்கவில்லை. ஆர்டித் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ ஊர்ல இத்தனை பேரை நீங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவள் கண் கூரைக்குப் போயிருந்தது.

நாங்கள் எல்லாரும் திரும்பினோம். டெல்மர் தெளித்த பாதியில் கறுப்பு பழுப்பாகிக்கொண்டிருந்தது. பழுப்பும் வெளிறி, அடியிலிருந்து ஷிங்கிளின் சாம்பல் நிறம் வந்துகொண்டிருந்தது. ஏணியில் ஆள் இல்லை. ஹோஸ் புல்தரையில் கிடந்தது. மேலே கறுப்பு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப மேல யாரு என்ன பண்றாங்க?" என்று கேட்டாள் ஆர்டித்.

"யாரும் இல்ல மேடம். அதுவாப் போகுது."

டட்டில் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். ஆர்டித் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றாள். பிறகு, மீதிப் பாதியையும் முடித்துவிட்டு, திங்கட்கிழமை முதல் வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். அந்த எஞ்சின் மட்டும் குடியிருப்பு வாசலுக்குள் வரக்கூடாதாம். சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குத் தெரிந்து டெல்மருக்கு ஒருத்தர் சத்தம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த முதல் வேலை அது.

நோர்லீன் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அத்தனை வீட்டுக்கும் அவனோடு போனவள், எஞ்சினையும் வாடிக்கையாளரையும் தவிர வேறெதையும் பார்க்காதவள். அவள் கண் கலங்கியிருந்தது. குளோரின் நெடி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எல்லா வீட்டுலயும் இப்படியா போகும்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இப்படிக் கண்ணு முன்னாலயே போகும்னு ஒரு தடவைகூட எங்கிட்ட சொல்லலியே நீ."

டெல்மர் ஏணியை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சொன்னேன்," என்றான். "எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு."