காரல் மீன் சாறு

சுதந்திர நாளுக்குள் காஜா பேராங் சாலைக்குத் தார் போட்டு முடிக்க வேண்டுமென்று எங்களைப் பொழுது சாயும்வரை விடவில்லை. வேலை முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் மீன் விற்கும் பாசாருக்கு ஓடினேன். வீட்டில் என் மனைவி கமலவேணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பால் சரியாக ஊறவில்லை. தலைப்பிள்ளைக்கும் இப்படித்தான் ஆயிற்று. டின் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். வயிற்றாலே போய்ச் செத்துப்போனான். இந்தப் பெண்பிள்ளைக்கும் அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

"சுறா வாங்கிட்டு வாடா. புட்டு செஞ்சு குடுத்தா பால் ஊறும்" என்று, உதவிக்கு வந்திருந்த என் அக்கா பாக்கியலட்சுமி சொல்லியிருந்தாள்.

காலையில் விற்கும் விலைக்கு என் கூலி எட்டாது. சாயங்காலம் மிஞ்சியதைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். மீன்கடை உமர் பாயிடம் ஒரு துண்டு சுறா கிடந்தது.

"காலைச் சரக்குண்ணே. முகர்ந்து பாத்து எடுங்க. அப்புறம் வந்து சண்டை போடாதீங்க."

குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தார்ப் புகையில் நின்று நின்று என் மூக்கு செத்து வெகு நாளாயிற்று. நாலு பேர் நடுவில் அதைச் சொல்ல வெட்கம்.

"நல்லாத்தான் இருக்கு பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

வீட்டில் அதைப் பிரித்ததும் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "மூத்திர வாடை அடிக்குதேடா! உன் மூக்கை எங்க அடகு வச்ச?"

"தார்ச் சட்டியில."

சிரிப்பதற்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கமலவேணி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "வாசமே தெரியாதா? எங்கிட்டகூடச் சொல்லலியே."

"புளி போட்டு அலசினா வாடை போயிடும். காசு குடுத்து வாங்கினதாச்சே" என்றாள் அக்கா.

கமலவேணி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். நான் மீனை எடுத்துப்போய் வாழையடியில் புதைத்தேன். கையில் சில்லறைதான் மிச்சம்.

விடிந்ததும் அரை நாள் கூலி போனால் போகட்டுமென்று மறுபடி உமர் பாயிடம் போனேன்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாது பாய். புள்ளை பெத்தவளுக்கு வேணும். நீங்களே பாத்துக் குடுங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நேத்தே சொல்லியிருந்தா அந்தச் சுறாவைத் தொட விட்டிருப்பேனா?" மூலையில் குவிந்துகிடந்த பொடி மீனை அள்ளினார். மலாய்க்காரர்கள் கெக்கெக் என்று சொல்லும் காரல். வாத்து வளர்ப்பவர்கள் வாங்கிப்போவது. "எங்க வீட்டுக்காரி நஜ்முன்னிசாவுக்குப் பேறு நேரமெல்லாம் இந்தச் சாறுதான். மூக்கு போனா என்ன, விரல் இருக்குல்ல? வயித்தை அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருக்கணும்."

ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுத்தேன். என் சில்லறைக்குப் பை நிறைந்தது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வாத்துக்குப் போடுற மீனாடா! வாத்து பால் குடுத்து எங்க பாத்த?"

"வையுங்க அண்ணி" என்றாள் கமலவேணி. "வாத்துக்காவது வயிறு நெறையுதுல்ல."

முணுமுணுத்துக்கொண்டே அக்கா குடலைக் கிள்ளி, உப்புப் போட்டு அலசினாள். நான் பூண்டு உரித்தேன். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, மஞ்சளோடு கொதிக்கவிட்டு, முள் வராமல் துணியில் வடிகட்டினோம். கமலவேணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அடுத்து வந்த நாட்களிலும் அதே சாறுதான். பிள்ளையின் அழுகை ஓயவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. தலைப்பிள்ளை போன அன்றும் வீடு இப்படித்தான் கிடந்தது. கதவைத் தள்ளக் கை வரவில்லை.

பிறகுதான் கேட்டது. மடக், மடக்கென்று பிள்ளை விழுங்கும் சத்தம்.

அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டி, வாயில் விரல் வைத்து, "பேசாதே" என்று சைகை காட்டினாள். தார் ஒட்டிய காலோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.