ஆடாத கொக்கி

அளவு டேப்பின் நுனிக்கொக்கி ஆடுவது வங்கிக் காசாளருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்தான் என்றாலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே பூரித்துப்போனார்.

அன்று பிடித்தது சனியன். அறுத்த பலகையெல்லாம் ஒரு மயிரிழை குட்டை. இரண்டு சுவருக்கு நடுவே வைத்த அலமாரித் தட்டு பிடிமானமில்லாமல் சரிந்தது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ரம்பம் மொக்கை என்றார் ஒருவர், மரத்தில் ஈரம் என்றார் இன்னொருவர். புது ரம்பம் வந்தது, குட்டை போகவில்லை.

கடைசியில் மனைவியின் அண்ணன் வந்து டேப்பை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் இதே பைத்தியம்தான், நாலு வருஷம் மூத்த பைத்தியம்.

"மாப்ளே, இது ஆடத்தான் செய்யணும். பலகையில மாட்டி இழுத்தா வெளிய வரும், சுவத்துல முட்டினா உள்ள போகும். கொக்கித் தகட்டோட தடிமனை அப்படித்தான் சரிக்கட்டும். எந்தப் புத்திசாலி இதை இறுக்கினது?"

காசாளர் சுத்தியலை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினார்.

"சரி விடுங்க, என் டேப்பை வெச்சுக்குங்க. போன மாசம் இரவல் வாங்கினீங்களே, அதுதான். நேத்து என் சமையலறைக் கதவு அத்தனையும் அதுலதான் அளந்து அறுத்தேன்."

காசாளர் எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"மச்சான், கோவப்படாதீங்க. இரவல் வாங்கின பொருளைச் சும்மா திருப்பித் தரக்கூடாதுன்னு, அதையும் இறுக்கித்தான் குடுத்தேன்."