ஐந்து நிமிடத் தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் என் மேலதிகாரி, என் அக்கா புருஷன். நான் தங்கியிருப்பதும் அவர் வீட்டில். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஆனால் தெருவே "மாமன் வாங்கிக் குடுத்த வேலை" என்றுதான் பேசும்.

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில், சோதனைக்குத் தண்ணீர் பிடிப்பவர்களுக்காக ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பிறகே பாட்டிலில் பிடிக்கவும்."

இது மோசடி. ராத்திரி முழுக்கப் பழைய குழாயில் நிற்கும் தண்ணீரில்தான் ஈயமும் செம்பும் கரைந்து இறங்கும். காலையில் முதலில் வருவதைப் பிடிக்கணும். ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். ரிப்போர்ட் மட்டும் பளபளவென்றிருக்கும்.

சொன்னேன். "நாலு புஸ்தகம் படிச்சிட்டு எனக்கே பாடமா?" என்றார்.

மறுநாள் விடிந்ததும், யாரும் எழுவதற்கு முன், அவர் வீட்டுச் சமையலறைக் குழாயிலேயே முதல் தண்ணீரைப் பிடித்தேன். ஆபீஸ் லேபில் கொடுத்துச் சோதித்தேன். ஈயம் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. நாற்பத்தொன்று வந்தது.

வீட்டில் அந்த ரிப்போர்ட்டைக் காட்டியதும் மாமா முகம் சுண்டிப்போனது. "பாட்டில் அழுக்கா இருந்திருக்கும். கிழிச்சுப் போடு. வெளிய தெரிஞ்சா என் சீட்டே கிழியும்."

புட்டிப்பாலை ஆட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "இந்தத் தண்ணிலதானே பாப்பாவுக்குப் பால் கலக்குறேன்? காலைல எழுந்ததும் முதல் தண்ணில?"

"பத்து வருஷமா குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"உங்களைப் பத்திக் கேக்கல. ஆறு மாசப் புள்ளையைப் பத்திக் கேக்குறேன்." பாலைத் தொட்டியில் கொட்டினாள்.

மறுநாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மாமா. ஒரு கையில் காலிப் புட்டி, கண் சுவர்க் கடிகாரத்தில். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அன்று அலுவலகத்தில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டேன். "மாமா, பாப்பா பாலுக்குக் குழாயை எவ்வளவு நேரம் திறந்துவிட்டீங்க?"

"ஏய், இது ஆபீஸ்."

"அதனாலதான் இங்க கேக்குறேன்."

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நின்றன. மாமா தலை நிமிரவில்லை.

"அஞ்சு நிமிஷம்."

"எதுக்கு?"

மாமா ஒரு ஃபைலை இழுத்துப் புரட்டினார். டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் பேரப்பிள்ளை உண்டு. எழுந்து வந்தார். மாமாவின் தலைக்கு மேல் கையை நீட்டி, அந்த ஐந்து நிமிடத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தார்.