அயம்காவின் வாசலுக்கு நடந்து வந்த பலகை

"உன் பலகையக் கூட்டிக்கிட்டுப் போ, அபோக்கா. என் வாசல்ல அதுக்கென்ன வேலை?"

"நான் எங்க கூட்டிக்கிட்டு வந்தேன், மாண்புமிகு? கால் இருக்கு, வந்திருக்கு. வந்த விருந்தாளிக்கு ஒரு குடுக்கைத் தண்ணி குடுத்தீங்களா, அதைச் சொல்லுங்க."

"வாயை மூடுறியா, போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. முதல்ல பலகைக்கு விலங்கு மாட்டச் சொல்லுங்க."

பலகை நடந்து வந்தது உண்மைதான். தம்போலிகோ சந்தை முனையில் நட்டிருந்த அந்த இரும்புப் பலகை, திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் தன் இரண்டு கால்களையும் சிமென்ட்டிலிருந்து உருவிக்கொண்டு, கினிக்கோழிக் கூடைகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, இரண்டு மைல் தள்ளி இருந்த மாவட்டத் தலைவர் அயம்காவின் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டது. அன்று தக்காளி மலிவு. அதனால் சந்தையில் கூட்டம் அதிகம், பார்த்தவர்களும் அதிகம். 'தம்போலிகோ பெண்களின் வெண்ணெய்க் கூடம். நடத்துவோர்: பெண்களே' என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே நாற்பத்து மூன்று உள்ளங்கைகள் செம்மண்ணில் பதிந்திருந்தன.

ஷியா மரத்துக் கொட்டையை வறுத்து அரைத்து, அந்தக் கூழைத் தோள் கழன்றுபோகும்வரை கையால் பிசைந்து வெண்ணெய் எடுப்பது அந்த ஊர்ப் பெண்களின் பிழைப்பு. பிசைவதற்கு ஓர் எந்திரமும் அதற்கு ஒரு கூடமும் வேண்டும் என்று முதலில் நினைத்தவள் அபோக்காவின் தங்கை லமிசி. வாசல் எங்கே, புகை போகும் வழி எங்கே, பிள்ளைக்காரிகள் உட்காரும் இடம் எங்கே என்று அடுப்புக்கரியால் தரையில் அவள் வரைந்தாள். கடல் கடந்து வந்த உதவிக் குழுவின் மாரித் என்ற பெண்மணி அதை ஒரு கோடும் மாற்றாமல் தாளில் எடுத்துக்கொண்டாள். "கட்டுறது நீங்க, நடத்துறதும் நீங்க. நாங்க துணைக்கு நிக்கிறோம், அவ்வளவுதான்" என்று அவள் சொன்னதை, வெள்ளைக்காரி வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு என்று ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்திரம் மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. வந்தது. கூரை போடும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அயம்கா அதைத் தன் இரண்டாம் மனைவி தலாத்தாவின் முற்றத்தில் இறக்கினார். கூரை மூன்று வருடம் போடப்படவில்லை. கூடம் அமோகமாக நடக்கிறது என்று உதவிக் குழுவுக்குக் கடிதம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அடிக்கல் நாட்டிய அன்று அவர் செய்த தவறுதான் பெரிய தவறு. "கையெழுத்துதான் தெரியாது, உள்ளங்கையாவது இருக்குல்ல? பலகையில அழுத்துங்க, போட்டோவுல அழகா விழும்" என்றார். அந்தப் பக்கத்தில் வீட்டுச் சுவரைப் பூசுவதும் வண்ணம் தீட்டுவதும் பெண்கள் வேலை. எந்தச் சுவரில் எவள் உள்ளங்கை பதிந்திருக்கிறதோ அது அவளுடையது. அவளே தன் கையால் மண் எடுத்து அதை மூடிப் பூசினாலொழிய அந்த உரிமை போகாது. அயம்காவும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். காமிராவைப் பார்த்ததும் பிறந்த மண் மறந்துபோனது.

லமிசி இரண்டாவது கோடையில் செத்தாள். கைகள் இரண்டும் வீங்கியிருந்தன; முந்தின நாள்வரை கூழ் பிசைந்தவள். அபோக்கா சாவு வீட்டில் அழவில்லை. அது அப்போது பலருக்குக் குறையாகப் பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் பலகைக்கு முன்னால் நின்று, தங்கையின் உள்ளங்கைமேல் தன் உள்ளங்கையை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். என்ன சொன்னாள் என்று கேட்கப் பக்கத்தில் வெங்காயம் பொறுக்குவதுபோல நின்றவர்கள் உண்டு. ஒருவர் காதிலும் விழவில்லை.

அயம்கா பலகையை லாரியில் ஏற்றிச் சந்தையில் நட்டார். லாரி திரும்புவதற்குள் பலகை திரும்பியிருந்தது. அலுவலகத்துக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நின்றது. மாமனார் சாவுக்குப் போனபோது பந்தலுக்குள் வந்து அவர் பின்னாலேயே நின்றதில், பாட்டுக்காரர்கள் அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நிலையில் மாரித் கூடத்தைப் பார்க்க வந்தாள். வண்டிக்காரன் ஊருக்குப் புதியவன். பலகை நிற்கிற இடத்தில் திரும்பு என்று சொல்லியிருந்தார்கள், திரும்பினான். அன்று அது நின்றது தலாத்தாவின் வாசலில். முற்றத்தில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்களும் இந்தக் கூடத்துப் பெண்ணா?" என்று மாரித் கேட்டாள்.

"கூடமா? எந்தக் கூடம்? இது என் வீட்டுக்காரர் எனக்குக் குடுத்த சீரும்மா" என்றாள் தலாத்தா, பெருமையாக. அயம்கா பின்னாலிருந்து கண்ணைக் காட்டியதை அவள் தூசி விழுந்ததாக எடுத்துக்கொண்டாள்.

மாவட்ட அவை கூடியது. பெண்கள் எழுந்து கேட்டார்கள், அவர் பதவி போனது. எந்திரம் ஒரே வாரத்தில் கூடத்துக்கு வந்து, கூரையும் ஏறியது. அடுத்த உதவி மாவட்ட அலுவலகப் படியை மிதிக்காமல் நேரே பெண்களின் சங்கத்துக்கு வந்தது. பலகை மட்டும் வரவில்லை.

பெரியவர்கள் சோளக் கள்ளும் இரண்டு கினிக்கோழியும் எடுத்துக்கொண்டு பெண்களிடம் வந்தார்கள். மனுஷன் இளைத்துவிட்டான், பூசி விட்டுவிடுங்கள் என்றார்கள். நாற்பத்தொரு பேர் போய்த் தங்கள் உள்ளங்கைமேல் மண் பூசினார்கள். அபோக்கா கள்ளை வாங்கிக் குடித்தாள், நல்ல கள் என்று சொன்னாள்.

"என்னுதை நாளைக்கே பூசிடுறேன், மாமா. லமிசிதை லமிசிதான் பூசணும். மாண்புமிகுவே போய்க் கூட்டிக்கிட்டு வரட்டும்."

பெரியவர்கள் கோழிகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

சொன்னபடி அவள் மறுநாள் தன் கையைப் பூசினாள். மிச்சம் ஒரு கை. நடக்க ஒன்று போதுமாயிருந்தது. தலாத்தா அவரை விட்டு வந்து கூடத்தில் சேர்ந்து, பின்னால் அந்த வண்டிக்காரனையே கட்டிக்கொண்டு போல்காடாங்காவுக்குப் போனாள். அயம்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தெற்கே தூரத்துக் குமாசி நகரத்தில் குடியேறினார். பலகை பஸ் ஏறவில்லை. பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது. அங்கே குடித்தனக்காரர்கள் அதில் துணி காயப்போடுகிறார்கள், வழி கேட்பவர்களுக்கு அதைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். அவர் வெளியே கிளம்பும்போது மட்டும் துணிகளை எடுத்துக்கொள்வார்களாம்.

பலகைக்குக் கால் பற்றவைத்த அட்டிங்கா, விதவையான அபோக்காவைப் பெண் கேட்டு வந்தான். அவன் குடும்பத்தைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அவள் விசாரிக்கவில்லை. அந்தக் கால்கள் எத்தனை வருடம் தாங்கும் என்று மட்டும் கேட்டாள். மழையில் நனைந்தாலும் முப்பது வருடம் போகும் என்றான். முதல் மழைக்குக் கல்யாணம் நடந்தது.