குழாய்க்காரருக்குள் ஒரு குழாய்

குழாய்க்காரரின் செருப்புச் சத்தம் கேட்டாலே அந்தத் தெருவிலுள்ள குழாய்களெல்லாம் ஒழுகுவதை நிறுத்திவிடும். அப்பேர்ப்பட்ட கைராசிக்காரர். முப்பது வருஷத் தொழிலில் அவர் மீறாத சட்டம் ஒன்றே ஒன்று: ஒழுங்காக ஓடுகிற குழாயில் கை வைக்காதே. அந்தச் சட்டம்தான் இன்று அவரை ஆபரேஷன் மேஜையில் மல்லாத்திப் போட்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது சிறுநீரகத்தில் கல்லை எடுத்தபோது, அங்கிருந்து மூத்திரப்பை வரைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, சீட்டில் அதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டார்கள். ஆறாவது வாரம் வலி இல்லை, ஒழுகல் இல்லை. "ஓடுறதைப் போய் எவனாவது கழட்டுவானா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது அந்தக் குழாய் கல் கட்டிப்போய்க் கிடந்தது. கீழ் முனையில் கோழிமுட்டை அளவுக்கு ஒன்று, மேல் முனையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று. வலது சிறுநீரகம் பிறவியிலேயே சுண்டைக்காய். பிழைப்பு முழுக்க இடதை நம்பித்தான்.

"பிடிச்சு இழுத்தா வந்துடாதா, டாக்டரம்மா?"

"வரும் ஐயா. கூடவே பாதையும் பிய்ஞ்சு வரும். கல்லைப் பொடியாக்கித்தான் எடுக்கணும். மேல் முனை விடலேன்னா சிறுநீரகம் தங்காது. அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்தான்."

ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை வந்த மனைவி, "ஊரான் வீட்டுக் குழாயெல்லாம் பார்த்தீங்க, உங்க குழாயைப் பார்க்க நேரமில்ல! முழுசா வந்து சேருங்க, மீதியைத் திட்டுறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதுகில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. எதிரே டிவி. அதில் ஒரு குகை தெரிந்தது. ரோஜா நிறச் சுவர், சுவரெங்கும் சிவப்பு நதிகள், நடுவில் வெள்ளைப் பாறை.

"இது யாரோட அரண்மனை?"

"உங்க மூத்திரப்பை, ஐயா."

இத்தனை காலமும் அதை ஒரு டேங்க் என்று நினைத்திருந்ததற்காக அவர் வெட்கப்பட்டார்.

நூல் போன்ற லேசர் இழை பாறையைத் தொட்டது. படபடவென்று பொரிந்து, பாறை பனியாகக் கொட்டியது. அடுத்து கேமரா, பென்சில்கூட நுழையாத ஒரு பாதைக்குள் ஏறி, வளைந்து, இன்னும் வளைந்தது.

"எல்போ ஜாயின்ட் மாட்டாம எப்படிம்மா வளையுது? எந்தக் கடையில வாங்கினீங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேல் முனைக்கு வந்திருந்தார். கல் உதிர்ந்தது, ஆனால் குழாய் நழுவாமலிருக்க அதன் முனையில் இருந்த சுருள் அசையவில்லை. ஒரு மணி நேரம், குழாய்க்காரர் கணக்கில் ஒரு யுகம், டாக்டரம்மா லேசரால் கொறித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று சுருள் நிமிர்ந்தது. குழாய் மெல்ல, மிக மெல்ல, வழுக்கி வெளியே வந்தது.

"இப்ப சிறுநீரகம் வேலை செய்யுதான்னு பார்ப்போம். நீல மருந்து ஏத்துறோம், வேலை செஞ்சா நீலமா வரும்."

திரையில், அந்தப் பாதை மூத்திரப்பைக்குள் வந்து திறக்கும் இடத்தில், ஊசித்துளை போல ஒரு வாய். சும்மா இருந்தது. ஐந்து நிமிஷம். பத்து. பதினைந்து. ஆயிரம் குழாய்களை அதட்டியவர், அந்தத் துளையைப் பார்த்து, "ராசா, கொஞ்சம் திற" என்று கெஞ்சினார்.

துளை சிமிட்டியது. புஸ்ஸென்று ஒரு நீலக் கீற்று பீய்ச்சி அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"மோட்டாரை யாரு வச்சா?"

"மோட்டாரே கிடையாது. பாதையே சுருங்கிச் சுருங்கித் தள்ளுது. நீங்க பொறக்கிறதுக்கு முன்னாலேருந்து."

"ஒரு நாளும் சர்வீஸ் பண்ணாமயா!" அவர் கண்ணிலும் ஒழுகியது.

"வீக்கம் வடியற வரைக்கும் புதுசா ஒரு குழாய் வைக்கிறேன். பத்தாம் நாள் கட்டாயம் எடுத்தாகணும்."

"ஒன்பதாம் நாளே வந்து உங்க வாசல்ல படுத்துக்கிறேன்."

"சரி, கேமராவை எடுக்கட்டுமா?"

"இருங்கம்மா," என்றார் குழாய்க்காரர், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இன்னும் ஒரே ஒரு தடவை அடிக்கட்டும்."