கரண்ட் போகும் காட்சி

“ஏம்மா சோபியா, அந்தம்மாவுக்கு நெசமாவே காது கேக்காதா, இல்ல கேக்காத மாதிரி நடிக்கறாங்களா?”

மரிய ஆல்பர்ட் மாமா என்னிடம் இதைக் கேட்டபோது பூங்காவனம் அக்கா மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். மாமா துண்டால் வாயை மறைத்துக்கொண்டுதான் கேட்டார். உதட்டசைவைப் பார்த்தே அந்தம்மா எல்லாவற்றையும் படித்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிறந்ததிலிருந்தே கேட்காது என்று சொன்னேன். மாமா என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் ஊர் வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தவக்காலம் முடிகிற சமயத்தில் கோயில் மண்டபத்து மேடையில் பாஸ்கா போடுவோம். இயேசு பிடிபட்டு, அடிபட்டு, சிலுவையில் சாகிற நாடகம். மாமாதான் பாஸ்காக் கமிட்டித் தலைவர். இந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார், பெரம்பலூரில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்து, அதை இயக்கிய பூங்காவனம் அக்காவையே எங்கள் பாஸ்காவுக்கும் கூப்பிட்டுவிட்டார். அக்காவுக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. காது கேட்பவர்களும் கேட்காதவர்களும் சேர்ந்து நடிக்கும் குழு ஒன்றைப் பெரம்பலூரில் நடத்துகிறார்.

வந்த அன்றே ஊருக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. நாடகம் போட வந்தவர் மேடையைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய்ப் படிக்கட்டின் உயரத்தை அளந்தார். சக்கர நாற்காலி ஏற ஒரு சறுக்குப் பலகை வேண்டும் என்றார். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, என்னை மேடையில் நிற்கச் சொல்லி, என் கைகள் தெரிகின்றனவா என்று பார்த்தார். படியை அளக்கிறார்களே, மண்டபத்தை யாருக்காவது விலை பேசி முடிக்கப் போகிறார்களா என்று இரண்டு பேர் வெளியே பேசிக்கொண்டார்கள்.

நான் அவருக்கு வாய். என் அண்ணன் ஆண்ட்ரூஸுக்குக் காது கேட்காது. அவனோடு சின்ன வயதிலிருந்தே கையால் பேசி வளர்ந்ததால் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். பதினொன்றாவதில் படிப்பு நின்றுபோகும் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் எழுந்து ஒரு பதில் சொல்லியிராதவள் நான். ஆனால் இந்த வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. பேசுவது நான்தான், பேச்சு என்னுடையது இல்லை.

இரண்டு பக்கத்தாரும் என்னை நம்பவில்லை என்பதுதான் கஷ்டம். “அவங்க அவ்ளோ நேரம் கைய ஆட்டுனாங்க, நீ ரெண்டே வார்த்தையில முடிச்சுட்ட. மிச்சத்த என்ன பண்ண?” என்று மாமா கேட்பார். மாமா நீளமாகப் பேசி நான் சுருக்கமாகச் சொன்னால் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இவ்வளவுதானா என்று கையை விரிப்பார்.

மாமா ஒருநாள் சோதித்தே பார்த்துவிட்டார். நாடகத்தில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து கை கழுவும் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்த் தரையில் போட்டார். மண்டபம் அதிர்ந்தது. நாங்கள் எல்லோரும் துள்ளிவிட்டோம். அக்கா சட்டென்று திரும்பினார். எதிரே இருந்த எங்கள் முகங்கள் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினார் என்று நான் எவ்வளவு சொல்லியும் மாமாவிடம் எடுபடவில்லை. அத்தனை பேரில் லூர்துராஜ் சார் மட்டும்தான் அசையவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வசனத்தாளைப் படித்துக்கொண்டே இருந்தார்.

“சாரப் பாரு. மனுசன்னா அப்புடி இருக்கணும்” என்றார் மாமா.

லூர்துராஜ் சார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் பாஸ்காவின் குரல் அவர்தான். இயேசு சிலுவையில் சாகிற இடத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவோம். கும்மிருட்டில் ஒரு கைமணி ஒலிக்கும். திரைக்குப் பின்னால் மைக் முன்னால் நிற்கும் சார், சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அந்தக் குரலுக்கு மண்டபமே அழும். ஏலாக்குறிச்சியிலிருந்துகூட அதைக் கேட்க வருவார்கள். அவர் மகன் இயேசுவாக நடித்த வருடத்தில்கூட எல்லோரும் அப்பாவைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த இருட்டில்தான் சண்டை தொடங்கியது.

ஆண்ட்ரூஸ் ஜெயங்கொண்டத்தில் முந்திரிக் கம்பெனியில் வேலை செய்கிறான். ஒத்திகை பார்க்க வந்தவனிடம், பாஸ்காவில் உனக்குப் பிடிக்காதது எது என்று அக்கா கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் சரியாக இயேசு சாகிற நேரத்தில் கரண்ட் போய்விடுகிறது, இவ்வளவு பெரிய கோயிலில் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைக்கக் கூடாதா என்று கேட்டான்.

நான் அதை வாயால் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேலியாகச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அவன் கேலி செய்யவில்லை. இத்தனை வருடமும் கரண்ட் போனதாக நினைத்து, வரும் வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான். விளக்கு வந்தால் இயேசு செத்திருப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அவன் அப்படி நினைத்திருந்தது எங்கள் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அக்கா சிரிக்கவில்லை.

அந்த இருட்டில் மேடையோரம் ஒரே ஒரு சின்ன விளக்கு வேண்டும், அதன் கீழே சோபியா நின்று ஏழு வார்த்தைகளையும் கையால் சொல்லட்டும் என்று அக்கா கேட்டார். இந்த வருடம் அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் காது கேட்காதவர்கள் வேன் பிடித்து வரப்போகிறார்கள், அவர்களையும் இருட்டில் உட்காரவைக்க முடியாது என்றார். விளக்கின் கீழ் நிற்கப்போவது நான் என்று கேட்டதுமே வேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். ஆனால் ஆண்ட்ரூஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லூர்துராஜ் சார் முடியாது என்றார். இயேசு செத்தபோது பூமியெங்கும் இருள் மூடியது என்றுதான் வேதத்தில் இருக்கிறதே தவிர, ஒரு ஓரத்தில் மட்டும் விளக்கு எரிந்தது என்று இல்லை என்றார். கமிட்டி சாரின் பக்கம் நின்றது. சாரின் குரலை ஒதுக்கிவிட்டு என் கையைப் பார்க்க வைப்பதற்கான அக்காவின் திட்டம் என்று மாமா சந்தேகப்பட்டார்.

இதற்கு நடுவில் அக்கா இன்னொன்றைச் செய்திருந்தார். அவருடைய குழுவிலிருந்து வந்த, காது கேட்காத இரண்டு பேர் படைவீரர்களாக நடித்தார்கள். அவர்களுக்காகத் திரைக்குப் பின்னால் ஒரு மூங்கிலில் சிவப்பு பல்பு ஒன்றைக் கட்டச் சொன்னார். லைட்டும் ஸ்பீக்கரும் பார்க்கும் ராஜேஷ், எந்தக் காட்சிக்கு மணி அடித்தாலும் அந்த பல்பையும் போட வேண்டும். “கல்யாண வூடு மாதிரி இருக்கு” என்று சார் கிண்டல் செய்தார். ஆனால் பல்பு வந்த பிறகு ஒத்திகை நன்றாகவே நடந்தது. போன வருடம் சார் இரண்டு இடத்தில் பிந்திவிட்டார், ராஜேஷ் மணியைச் சரியாக அடிக்கவில்லை என்று அவனைத் திட்டியும் இருந்தார். இந்த வருடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. மணி அடித்தவுடனே குரல் எழும்பியது.

ஒருநாள் வந்து பார்த்தால் கட்டியிருந்த மூங்கிலில் பல்பைக் காணோம். சார்தான் பிடுங்கி எறிந்திருப்பார் என்று நான் உடனே நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தேடியபோது பக்கத்து மூங்கிலில், மைக்குக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில் கட்டியிருந்தது. வேட்டிக் கரையைக் கிழித்து யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள். படைவீரர்கள் நின்ற இடத்திலிருந்து அது பாதிதான் தெரியும். அக்கா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மைக்கைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்கச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்று கையசைத்துவிட்டு, படைவீரர்கள் நிற்கும் இடத்தை மாற்றினார்.

ஏன் கேட்கவில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

நாடகத்துக்கு முந்தின வாரம் கமிட்டி கடைசியாகக் கூடியது. அக்கா மறுபடியும் அந்த ஒரு விளக்கைக் கேட்டார். சார் மறுபடியும் முடியாது என்றார். அக்கா கொஞ்ச நேரம் சாரைப் பார்த்தார். பிறகு, சரி, உங்கள் இருட்டையே ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம், நாளை மதியம் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ஒத்திகை வைப்போம் என்றார். அதோடு ஒன்றைச் சேர்த்துக் கேட்கச் சொன்னார். நான் சாரின் எதிரே போய் நின்று கேட்டேன்.

“சார், ஒரு லைட்டும் கூடாதுன்னா அந்தச் சிவப்பு பல்பும் வேண்டாம்தானேன்னு கேக்கறாங்க.”

எப்போதும் அடுத்தவர் முடிப்பதற்குள் பேச ஆரம்பிப்பவர் சார். அன்று முதலில் மூங்கிலைப் பார்த்தார். பிறகு கமிட்டியைப் பார்த்தார்.

“ஆமா. அதுவும் வேண்டாம்” என்றார்.

மறுநாள் மண்டபம் மதிய வெயிலிலேயே இருண்டு கிடந்தது. தவறிப்போய்க்கூட எரிந்துவிடக் கூடாது என்று அக்கா சொன்னதால் ராஜேஷ் அந்தச் சிவப்பு பல்பைத் திருகித் தளர்த்தி விட்டிருந்தான். சார் திரைக்குப் பின்னால் போய் மைக் முன் நின்றார். நாங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். ஆண்ட்ரூஸ் என் பக்கத்தில் இருந்தான். சிலுவை நட்டாயிற்று. விளக்குகள் அணைந்தன.

மணி அடித்தது.

குரல் வரவில்லை. சார் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம். ராஜேஷ் மறுபடி அடித்தான். இருட்டில் யாரோ இருமினார்கள். ஆண்ட்ரூஸ் என் உள்ளங்கையைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று விரலால் கேட்டான். ஒன்றுமில்லை என்று அவன் கையில் சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் சொல்லச் சோம்பல்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்து என் விரலை நெரித்தான்.

மூன்றாவது தடவை ராஜேஷ் பலமாக அடித்தான். “சார், மணி அடிச்சாச்சு” என்று கூப்பிட்டும் பார்த்தான். சார் கோபத்தில் வீம்பு பிடிக்கிறார் என்று மாமா எனக்குப் பின்னால் முணுமுணுத்தார். பல்பைப் பற்றிக் கேட்டதற்கு இது பதிலாக இருக்கும் என்று நானும்தான் நினைத்தேன்.

மாமா எழுந்துபோய்த் திரையை விலக்கிவிட்டு விளக்கைப் போடச் சொன்னார்.

சார் மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, முதல் வார்த்தைக்கு வாயைத் தயாராக வைத்திருந்தார். வீம்பு பிடிப்பவர் முகம் போல இல்லை. அவருடைய கண்கள் எதிர் மூங்கிலில் அணைந்து கிடந்த பல்பின்மேல் இருந்தன. வெளிச்சம் வந்ததும் எரிச்சலோடு பக்கவாட்டில் திரும்பினார்.

“என்னடா ராஜேஷ், இன்னும் மணியே அடிக்கல, அதுக்குள்ள லைட்ட போட்டுட்ட?”

ராஜேஷ் கையில் மணியோடு நின்றான். சார் அவன் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தாம்பாளம் விழுந்த அன்று பூங்காவனம் அக்கா எங்கள் முகங்களைப் படித்தது போலவே அவரும் படித்தார். படித்து முடித்ததும் நெஞ்சிலிருந்த கைகளைக் கீழே இறக்கினார்.

மாமா என் காதருகே வந்தார். இந்தத் தடவை வாயை மறைக்கவில்லை.

“தெரிஞ்சேதான் செஞ்சாங்களா? கேளு.”

நான் கேட்டேன். மாமாவுக்காக மட்டும் கேட்கவில்லை. அந்த முடிச்சைத் தொட்டுக்கொண்டு நின்ற அன்றே உங்களுக்குத் தெரியுமா, தெரிந்துதான் இருட்டில் நிறுத்தினீர்களா என்று கையால் கேட்டேன். அக்கா என் கைகளை முழுதாகப் பார்த்தார். பிறகு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு அவரிடம் யாராலும் எதையும் கேட்க முடியாது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சாரிடம் போனார். “சார், அந்த ஓரத்து லைட்டு… நீங்க என்ன சொல்றீங்களோ அதான்” என்றார். சாரின் முதுகுப் பக்கம் நின்று பேசுகிறோம் என்று பாதியில்தான் அவருக்கு உறைத்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். வாயைப் பெரிதாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். ஆண்ட்ரூஸிடம் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

சார் அவரைத் தாண்டி நடந்தார். மூங்கிலருகே போய், தளர்ந்திருந்த சிவப்பு பல்பைப் பிடித்து மெல்லத் திருகினார். மணியோடு பழக்கத்தில் ராஜேஷ் ஸ்விட்சையும் போட்டிருந்தான் போல, அது எரிந்தது. திரும்பி ஆண்ட்ரூஸைத் தேடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, புதிதாகப் போட்டிருந்த சறுக்குப் பலகை வழியாக இறங்கிப் போய்விட்டார்.